ஃபில்டர் பிரஸ்ஸுக்கு டயாஃப்ரம் பம்பா, ஸ்க்ரூ பம்பா?

மலேசியாவின் பினாங்கில், பிறை, பாயான் லெப்பாஸ் பக்கம் உலோக முலாம் பூசும் ஆலைகளில் கழிவுநீர்ப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு கேள்வி அடிக்கடி வரும்: தொட்டியில் படிந்த சேற்றை, துணி போர்த்திய தட்டுகளுக்கிடையே அழுத்தி நீரைப் பிழியும் ஃபில்டர் பிரஸ்ஸுக்கு எதை வைத்து ஏற்றுவது?

சென்ட்ரிஃபியூகல் பம்பை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். தொட்டிக்குத் தொட்டி தண்ணீர் மாற்ற அது நல்லது, மலிவும்கூட. ஆனால் நிமிடத்துக்கு 2900 சுற்றில் ஓடும் இறக்கை, பாலிமர் போட்டுத் திரட்டிய சேற்றைத் தூளாக்கிவிடும். அப்புறம் பிரஸ் துணி அடைத்துக்கொள்ளும்.

அழுத்தக் காற்றால் ஒரு சவ்வை (டயாஃப்ரம்) முன்னும் பின்னும் அசைத்துச் சேற்றைத் தள்ளும் டயாஃப்ரம் பம்ப் பிரஸ்ஸோடு நன்றாக ஒத்துப்போகும். தட்டுகள் காலியாக இருக்கும்போது வேகமாக அடிக்கும். கேக் (தட்டுகளுக்கிடையே சேரும் சேற்றுக் கட்டி) இறுக இறுக எதிரழுத்தம் ஏறி, 'டப் டப்' சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். காற்றழுத்தத்தை 6 பாரில் வைத்தால் ஏறக்குறைய அந்த அளவு வந்ததும் தானாகவே நின்றுவிடும், எதுவும் உடையாது. தொட்டி வற்றிக் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடினாலும் தாங்கும். டயாஃப்ரம் கிழிந்துவிட்டால் சைலன்சர் வழியாகச் சேற்றுநீர் தெறிக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். குறை, காற்றின் விலைதான். கம்ப்ரெஸர் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது.

ஸ்க்ரூ பம்பில் திருகு வடிவ எஃகுத் தண்டு (ரோட்டர்), அசையாத ரப்பர் உறைக்குள் (ஸ்டேட்டர்) மெதுவாகச் சுழல்கிறது. துடிப்பில்லாமல் சீராகத் தள்ளும், சேற்றுத் திரள் சிதையாது, மின்சாரமும் மிச்சம். நாள் முழுக்க டீகாண்டருக்கு (சேற்றைச் சுழற்றி நீரைப் பிரிக்கும் இயந்திரம்) ஊட்டுவதென்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் சேறில்லாமல் சில நிமிடம் ஓடினாலே ரப்பர் கருகிவிடும். வெளிவாய் வால்வு மூடியிருந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய்க் குழாயோ கேஸ்கெட்டோ பிய்த்துக்கொள்ளும். அதனால் பிரஷர் ஸ்விட்ச், உலர் ஓட்ட சென்சார் இரண்டையும் சேர்த்தே விலை கேளுங்கள். ரப்பர் வகையையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். சேற்றில் எண்ணெய் கலந்திருந்தால் நைட்ரைல் ரப்பர் வேண்டும், இ.பி.டி.எம். என்ற ரப்பர் உப்பிப்போகும். ஸ்டேட்டரை உருவி எடுக்க பம்புக்கு முன்னால் போதிய இடமும் வேண்டும். சுவரோரமாக வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் குழாயை அறுக்க வேண்டிவரும்.

ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பேட்ச் ஓடும் ஆலைக்கு, அதுவும் இரவு ஷிப்டில் ஒரே ஆள் நிற்கும் இடத்துக்கு, என் பரிந்துரை டயாஃப்ரம்தான். காரணம் மின்கட்டணத்தைவிடப் பெரியது. உலோகச் சேறு மலேசியச் சட்டப்படி எஸ்.டபிள்யூ. 204 என்ற அட்டவணைக் கழிவு. உரிமம் பெற்ற இடத்துக்கு எடைக் கணக்கில் பணம் கட்டித்தான் அனுப்ப வேண்டும். கேக் ஈரமாக இருந்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு போகிறது. டயாஃப்ரம் பம்ப் கடைசி அழுத்தத்தில் ஆள் காவலில்லாமல் நெடுநேரம் நிற்கும், கேக்கும் நன்றாகக் காயும். ஸ்க்ரூ பம்பிலும் அதைச் செய்யலாம், ஆனால் வேகத்தைக் குறைக்க இன்வெர்ட்டரும் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) அதைச் சரியாக அமைக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். அந்த ஆள் இருக்கிறார், சேறும் தினமும் நிறைய வருகிறது என்றால் ஸ்க்ரூ பம்பையே வாங்குங்கள். ஸ்டோரில் ஒரு ஸ்டேட்டர் எப்போதும் உபரியாக இருக்கட்டும்.