செயின்சா சாப்ஸ், ஹெல்மெட், அரம் கிட்: கோத்தகிரி மழையில போட்டு பாத்த ரிவ்யூ

அவசரத்துல இருக்கறவங்க இத மட்டும் படிச்சிட்டு போயிடலாம்: சாப்ஸ் (காலுக்கு கட்டற பாதுகாப்பு ஏப்ரன்) நல்லதா வாங்குங்க, செயின் தீட்ட ரவுண்டு அரமும் அத மாட்டற கைடும் வாங்குங்க, வலை வச்ச ஹெல்மெட் வாங்குங்க, ஆன்லைன்ல ஃபுல் சேஃப்டி கிட்டுன்னு சல்லிசா வர்ற கோம்போவ மட்டும் தொடாதீங்க.

நம்மகிட்ட இருக்கற செயின்சா (பெட்ரோல்ல ஓடற, மரம் அறுக்கற மிஷின்) ஸ்டில் எம்எஸ் 180. சின்ன மிஷின் தான், ஆனா சில்வர் ஓக்ல கழிச்சு போட்ட கிளைய துண்டு போட, ஆடிக் காத்துல பாதை மேல சாயற சீகையும் கற்பூர மரமும் எடுக்க, வெறகு போட, இதுக்கெல்லாம் தாராளம். (நிக்கற மரத்துல கைய வைக்கறதுன்னா கதையே வேற, 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்பு சட்டம் இருக்கு, பெர்மிஷன் இல்லாம வெட்டினா சொந்தப் பட்டா நெலமா இருந்தாலும் மாட்டிப்பீங்க.) எங்க பக்கம் பாதி தோட்டத்துல இந்த மாதிரி ஒரு மிஷின் இருக்கும், ஆனா அத புடிக்கறவர் கால பாத்தா லுங்கியும் கம்பூட்டும் தான். மிஷினுக்கு அத்தன ஆயிரம் எண்ணி குடுத்தவங்க காலுக்குன்னு வந்தா கணக்கு பாப்பாங்க.

சாப்ஸ் தெரியாதவங்களுக்கு, இடுப்புல கட்டி ரெண்டு காலையும் முன்பக்கம் மட்டும் கணுக்கால் வரைக்கும் மூடற ஏப்ரன் அது, பின்னாடி பக்கிள் போட்டுக்கணும். தடிமனா இருக்கறதால செயின தடுத்துடும்னு நெறய பேர் நெனைக்கறாங்க, அப்படி இல்லீங்க, மேல் துணி அறுபடத்தான் செய்யும். உள்ள லேயர் லேயரா நீள நார் இருக்கும், செயின் பட்டதும் அந்த நார் கொத்தா இழுபட்டு போயி ஸ்ப்ராக்கெட்ல (செயின ஓட்டற பல்சக்கரம்) சுத்திக்கும், மிஷின் திணறி நின்னுடும். நான் வாங்கின கோயம்புத்தூர் கடையில அடிபட்ட சாப்ஸ் ஒண்ண மேஜைக்கு அடியில வச்சிருக்காங்க, யாராவது "என்னங்க இவ்ளோ வெல"ன்னு கேட்டா எடுத்து காட்டறதுக்கு. தொடைகிட்ட நாலு விரல் அகலத்துக்கு துணி கிழிஞ்சு, வெள்ள நார் முழ நீளத்துக்கு சிக்கு சிக்கா தொங்குது, உள்பக்கம் திருப்பி பாத்தா கடைசி லேயர்ல கீறல் கூட இல்ல. அதுக்கு மேல நான் வெல பேசல.

வாங்கும்போது லேபிள பாருங்க. செயின்சா படம் போட்ட சின்ன சிம்பல் இருக்கணும், பக்கத்துல தர நம்பர் இஎன் 381-5ன்னோ, புதுசுன்னா இஎன் ஐஎஸ்ஓ 11393ன்னோ இருக்கணும், கூடவே கிளாஸ் எத்தனைன்னு. கிளாஸ் 1ன்னா செயின் செகண்டுக்கு 20 மீட்டர் வேகத்துல ஓடறப்போ டெஸ்ட் பண்ணது, கிளாஸ் 2ன்னா 24, கிளாஸ் 3ன்னா 28. நான் எடுத்தது கிளாஸ் 1. எந்த கிளாஸா இருந்தாலும் ஃபுல் திராட்டில்ல வர்ற செயின முழுசா நிறுத்திடும்னு கேரண்டி கெடையாது, எலும்பு வரைக்கும் போறத தோலோட நிறுத்த ஒரு வாய்ப்பு, அதுக்குத்தான் இந்த காசு. பேட்டரி மிஷின், கரண்ட் மிஷின் வச்சிருக்கறவங்க தனியா கேட்டுக்கோங்க, அதுல மோட்டார் இழுப்பு வேற மாதிரி, நார் சுத்தினாலும் பெட்ரோல் மிஷின் மாதிரி நிக்கும்னு நம்ப முடியாது.

இப்ப அந்த கோம்போ கதை. பக்கத்து தோட்டத்து மாமா வாங்கினாரு, ஹெல்மெட், சாப்ஸ், கிளவுஸ், கண்ணாடி எல்லாம் சேத்து நான் சாப்ஸுக்கு மட்டும் குடுத்ததுல பாதி கூட வரல. சாப்ஸ்ல சிம்பலும் இல்ல கிளாஸும் இல்ல, ஹெவி டியூட்டின்னு மட்டும் பெருசா அச்சடிச்சிருக்கு. மாமா சும்மா இருப்பாரா, கத்திரிய எடுத்து ஓரத்துல தையல பிரிச்சாரு, உள்ள சோஃபாவுக்கு வைக்கற மாதிரி ஒரு ஸ்பாஞ்சு ஷீட்டு, நார்னு சொல்ல ஒரு இழை இல்ல. "மாப்ள, இது குளிருக்கு நல்லா இருக்கும்டா"ன்னாரு. பிரிச்சதால ரிட்டர்னும் எடுக்கல. இப்ப அத்தை கேரட்டுக்கு களை எடுக்கறப்போ முட்டிக்கு கீழ போட்டுக்கறாங்க.

நல்ல சாப்ஸ்லயும் கொறை இருக்கு, இல்லாம இல்ல. இதெல்லாம் வெள்ளக்காரன் அளவுக்கு தைச்சது, நம்ம உயரத்துக்கு கீழ பொரளுது, தேயிலை சரிவுல எறங்கும்போது பூட்ஸுக்கு அடியில மாட்டினா ஆளே உருண்டுடுவோம். அதுக்காக டெய்லர்கிட்ட குடுத்து மடிச்சு தைக்கறது ரொம்ப தப்பு, தையல் உள் லேயர்ல எறங்கிட்டா நார் வெளிய இழுபட வராது, அப்பறம் அது வெறும் துணி தான். மேல இடுப்பு பட்டைய ஏத்திக் கட்டுங்க, இல்ல சின்ன சைஸ் கேளுங்க. மழையில நனைஞ்சா கனம் ஏறுது, உண்ணி முள்ளு புடிச்சு இழுக்குது, மத்தியானம் வெயில் வந்தா தொடையெல்லாம் வேகுது. துவைக்கறதுக்கு ப்ளீச் கூடாது, அயர்ன் கூடாது, லேபிள்ல போட்டிருக்கறபடி சோப்புல அலசி நெழல்ல காயப்போடணும், ஆயிலும் பெட்ரோலும் ஊறிப்போனத அப்படியே வச்சிருந்தாலும் நார் கெட்டுப்போகும். ஒருவாட்டி செயின் பட்டு உள்ள வரைக்கும் போயிடுச்சுன்னா தூக்கி போட்டுட வேண்டியது தான், ஒட்டு போட்டு போடாதீங்க. பின்னங்காலுக்கு எந்த பாதுகாப்பும் இல்லங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஹெல்மெட்டுக்கு வருவோம். முகத்துக்கு பிளாஸ்டிக் ஷீல்டு வேணுமா இரும்பு வலை வேணுமான்னு கேட்டாங்க, நம்ம ஊருக்கு யோசிக்கவே வேண்டாம், வலை தான். இங்க மஞ்சு எறங்கினா மூச்சு விட்டாலே பிளாஸ்டிக் வெளுத்துடும், ஒண்ணும் தெரியாது. வலையில அந்த தொல்லை இல்ல, ஆனா பொடித்தூள் உள்ள வரும், அதனால அடியில ஒரு சாதா சேஃப்டி கண்ணாடி போட்டுக்கறேன். ஹெல்மெட் ஓட்டுக்கு உள்பக்கம் தயாரிச்ச வருஷம் மாசம் அச்சுல இருக்கும், கடையில ரொம்ப நாளா தூங்கினத தலையில கட்டிடுவாங்க, திருப்பி பாத்து வாங்குங்க. வெயில்ல வச்சே கெடந்தா பிளாஸ்டிக் உளுத்துப்போகும்.

இயர்மஃப் அதுலயே மாட்டியிருக்கு. மிஷின் சத்தம் 100 டெசிபலுக்கு மேல போகும், 85க்கு மேல நாள் பூரா கேட்டாலே காது போயிடும்னு சொல்றாங்க, அதனால தேவை தான், மறுக்கல. பிரச்சன என்னன்னா கயிறு புடிக்கற அண்ணன் கத்தறது கேக்காது, பின்னாடி காட்டெருமை வந்து நின்னாலும் தெரியாது, எங்க ஏரியாவுல இது ஜோக் இல்ல. அண்ணன்கிட்ட கை ஜாடை பேசி வச்சுக்கோங்க, அவர் கைய தூக்கினா திராட்டில விட்டுடணும், அவ்ளோ தான்.

கிளவுஸ் பரவால்ல, தோல் கிளவுஸ் நனைஞ்சா வெறைச்சுக்குது. பூட்ஸ் நான் இன்னும் வாங்கல, ஸ்டீல் டோ வச்ச கம்பூட்டு தான் ஓட்டிட்டு இருக்கேன், அதுல செயினுக்கு பாதுகாப்பு கெடையாது.

இப்ப அரம் கிட். இருக்கறதுலயே வெல கம்மி, ஆனா என்ன கேட்டா முதல் மார்க் இதுக்கு தான். மழுங்கின செயின் தான் ஆள அமுக்க வைக்கும், அமுக்கறப்போ தான் மிஷின் வழுக்கும். கண்டுபுடிக்கறது ஈசி, கூரா இருந்தா சீவல் சீவலா கொட்டும், மழுங்கிட்டா மாவா கொட்டும், மாவு வந்தா நிறுத்திடுங்க. என் செயின் பிட்ச் (கண்ணிகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளி) 3/8 இன்ச், ஸ்டில்லோட பிக்கோ ரகம், அதுக்கு 4 எம்எம் ரவுண்டு அரம், வேற பிட்ச் செயினுக்கு அரம் சைஸ் வேற, .325க்கு 4.8, அதனால கண்ண மூடிட்டு வாங்காதீங்க. அரத்த கைடுல மாட்டினா மேல 30 டிகிரி கோடு இருக்கும், அந்த கோடு பாருக்கு (செயின் சுத்தி ஓடற நீள தகடு) நேரா இருக்கற மாதிரி வச்சு பல்லோட உள்பக்கத்துலருந்து வெளிய தள்ளணும், திரும்ப வரும்போது தூக்கிடணும், முன்னயும் பின்னயும் தேய்ச்சா அரம் தான் போகும். மொதல்ல இருக்கறதுலயே குட்டையான பல்ல தேடி புடிச்சு அடையாளம் வச்சு, மத்த பல்லெல்லாம் அந்த நீளத்துக்கு கொண்டு வாங்க, இல்லன்னா வெட்டு ஒரு பக்கமா வளைஞ்சுகிட்டு போகும். எங்க தோட்டத்துக்கு வர்ற மரக்கார அண்ணன் வெறும் கையில கண்ண வச்சே தீட்டுவாரு, அது அவருக்கு வரும், நமக்கு கைடு தான்.

பல்லுக்கு முன்னாடி இருக்கற குட்டி மேடு தான் டெப்த் கேஜ், அது பல்ல விட 0.65 எம்எம் கீழ இருக்கணும், கிட்டுல அளவு தகடும் தட்டை அரமும் குடுத்திருக்காங்க. நாலஞ்சு வாட்டி பல்லு தீட்டினதுக்கு அப்பறம் இத பாத்தா போதும். வேகமா அறுக்கட்டும்னு சில பேர் இத நல்லா தேய்ச்சு எறக்கிடறாங்க, அப்ப பல்லு அளவுக்கு மேல கடிச்சு மிஷின் முகத்துக்கு எகிறும். பார் நுனியோட மேல் கால்வாசியில மரம் பட்டாலே எகிறத்தான் செய்யும், இது அதுக்கு மேல எண்ணெய் ஊத்தற வேலை. செயின் பிரேக்க (முன் கைப்பிடிக்கு முன்னாடி இருக்கற, செயின டக்குன்னு நிறுத்தற கார்டு) தெனமும் ஒருவாட்டி தள்ளி பாத்துட்டு ஆரம்பிங்க.

நம்ம செம்மண்ணு செயினுக்கு எமன். உருண்டு வந்த கட்டையில மண்ணு அப்பியிருந்தா கொடுவாளால பட்டைய சீவிட்டு அறுங்க, ஒரு செகண்ட் நெலத்துல தொட்டாலும் மறுபடி அரம் தான்.

டென்ஷன் செயின் ஆறினதுக்கு அப்பறம் பாக்கணும், மிஷின ஆஃப் பண்ணிட்டு. பாருக்கு அடியில ஒட்டி இருக்கணும், அதே சமயம் கிளவுஸ் கையால இழுத்தா சுலபமா ஓடணும். சூட்டுல இறுக்கினத சாயங்காலம் தளத்தாம வச்சா ஆறினதும் சுருங்கி பாரையும் பேரிங்கையும் பதம் பாத்துடும். பார கழட்டறப்போ திருப்பி மாட்டுங்க, ரெண்டு பக்கமும் சமமா தேயும், அந்த காடியில அடைஞ்சு கெடக்கற தூளையும் கீறி எடுத்துடுங்க.

ஆயிலுக்கு எல்லாரும் ஒர்க்‌ஷாப்ல வேஸ்ட் இன்ஜின் ஆயில் வாங்கி ஊத்தறாங்க, காசு மிச்சம்னு. அதுல இரும்புப் பொடி இருக்கு, பம்ப்ப தின்னுடும், ஒட்டாம சிதறும், சிதறி தேயிலை மேலயும் ஊத்து தண்ணியிலயும் தான் விழுது. பார் ஆயிலே ஊத்துங்க. மார்கழி தையில ஒறபனி விழுற காலைல ஆயில் கெட்டியாகி சரியா எறங்காது, பார் நுனிய ஒரு வெட்டுக்கட்டைக்கு நேரா புடிச்சு திராட்டில் குடுங்க, கட்டை மேல ஆயில் கோடு விழுந்தா அறுக்கலாம்.

அரமும் பார் ஆயிலும் குன்னூர்லயே கெடைக்குது, 4 எம்எம் அரம் ரெண்டு மூணா வாங்கி வச்சுக்கோங்க, அது தேஞ்சதே தெரியாது. சாப்ஸுக்கு மட்டும் நான் கீழ எறங்க வேண்டியிருந்துச்சு, போறதுக்கு முன்னாடி கடைக்கு போன் போட்டு மீடியம் சைஸ் இருக்கான்னு கேட்டுட்டு போங்க, எக்ஸ்எல் தான் எப்பவும் மாட்டி வச்சிருக்காங்க.