குரோசியா, மேக்சிமா, ஸ்குவாமோசா: வீவக வீட்டுத் தொட்டிக்கு எந்த ராட்சதச் சிப்பி?

என் மூன்றடி கடல் தொட்டிக்கு ஒரு ராட்சதச் சிப்பி வாங்குவது என்று முடிவானதும் மூன்று பெயர்கள் முன்னால் நின்றன: குரோசியா, மேக்சிமா, ஸ்குவாமோசா. நான் எடுத்தது ஸ்குவாமோசா. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் தொட்டி வைத்திருப்பவர் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு முன் கையில் இருப்பது எந்த இனம் என்று தெரிய வேண்டும். கடையில் பல நேரம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு, மேலே 'கிளாம்' என்று மட்டும் எழுதி வைத்திருப்பார்கள்.

நிறத்தை வைத்து இனம் சொல்லவே முடியாது. நீலத்தில் குரோசியாவும் உண்டு, மேக்சிமாவும் உண்டு. ஒரே இனத்தில் இரண்டு சிப்பிகள் ஒரே மாதிரி இருப்பதே அபூர்வம். சதையின் அழகில் மயங்காமல் ஓட்டைப் பாருங்கள். கடைக்காரரிடம், "அண்ணே, கொஞ்சம் பக்கவாட்டில் காட்டுங்க, அடியையும் பார்க்கணும்" என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள்.

ஸ்குவாமோசாவின் ஓட்டில் செதில்கள் அகலமாக, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டின் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாக இருக்கும். அடியில், பாறையைப் பற்றும் இழைகள் வெளியே வரும் துவாரம் சிறியது. மேக்சிமாவின் ஓடு ஒரு பக்கமாக நீண்டு போயிருக்கும். செதில்கள் நெருக்கமான வரிசையாக வரும். துவாரம் நடுத்தர அளவு. குரோசியா இவற்றில் சிறியது, வளர்ந்தாலும் 15 சென்டிமீட்டர் அளவுதான். பாறையைக் குடைந்து உள்ளே உட்காரும் பழக்கம் அதற்கு. அதனால் செதில்கள் தேய்ந்து ஓடு வழவழப்பாகி இருக்கும். அடித் துவாரம் மிகப் பெரியது. இளம் சிப்பியில் செதில்கள் குழப்பினால் அந்தத் துவாரத்தை நம்பலாம்.

மேக்சிமா என்று விற்கப்படுவதில் சில வேளை நோவே என்ற இனமும் கலந்து வரும். சதையின் ஓரத்தில் வெள்ளை விளிம்போடு கண்ணீர்த்துளி வடிவப் புள்ளிகள் இருந்தால் சந்தேகப்படுங்கள். வெகுகாலம் மேக்சிமாவோடு சேர்த்தே எண்ணப்பட்ட அதை 2014இல்தான் மறுபடி தனி இனமாக நிலைநாட்டினார்கள். தொட்டிப் பராமரிப்பில் மேக்சிமாவைப் போலவே நடத்தலாம்.

இப்போது என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது ஒளி. ஒளியோடு கூடவே வரும் சூடு.

இந்தச் சிப்பிகளின் சதைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியில் தயாரிக்கும் சர்க்கரைதான் சிப்பியின் முக்கிய உணவு. குரோசியாவும் மேக்சிமாவும் ஆழமற்ற, வெயில் அறையும் திட்டுகளில் வாழ்பவை. செங்கடலின் அக்காபா வளைகுடாவில் ஆய்வு செய்தபோது மேக்சிமா சுமார் 17 மீட்டர் வரைதான் கிடைத்தது. ஸ்குவாமோசா 42 மீட்டர் ஆழத்திலும் இருந்தது. அவ்வளவு கீழே எவ்வளவு வெளிச்சம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். மங்கிய ஒளியிலும் பிழைக்கும் அந்தத் தன்மைதான் வீட்டுத் தொட்டியில் நமக்குக் கைகொடுக்கிறது.

சிங்கப்பூரில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? குளிரூட்டி ஓடாத அறை பகலில் சாதாரணமாகவே 30 டிகிரியைத் தொடும். பவளத் தொட்டிக்கோ 25 முதல் 27 டிகிரி நல்லது. எனவே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. குரோசியாவுக்காக விளக்கைப் பலமாக்கினால் தண்ணீர் இன்னும் சூடாகும், சில்லர் இன்னும் அதிக நேரம் ஓடும், அந்தச் சூட்டை மறுபடி அறைக்குள்ளேயே கக்கும். மேற்கு வெயில் விழும் கூடம் என்றால் கேட்கவே வேண்டாம். எல்இடி வந்த பிறகு பழைய மெட்டல் ஹேலைடு விளக்குக் காலத்துச் சூடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மாதக் கடைசியில் மின்கட்டணம் வரும்போது வித்தியாசம் தெரிகிறது. ஸ்குவாமோசாவைத் தொட்டியின் அடியில் வைத்து, மற்றப் பவளங்களுக்குப் போட்ட அதே நடுத்தர விளக்கிலேயே வளர்க்கிறேன். சிப்பிக்கென்று தனியாக எதுவும் மாற்றவில்லை.

வைக்கும் இடமும் இதையொட்டித்தான். குரோசியாவுக்குப் பாறையில் ஒரு குழி தேவை, அதுவும் விளக்குக்குப் பக்கத்தில். மேக்சிமாவையும் பாறைமேல் வைப்பதே சரி. ஸ்குவாமோசா மணலில் உட்காரும். மணலுக்கடியில் ஒரு தட்டைக் கல் வைத்தால் இழைகளை அதில் பதித்துக்கொள்ளும், பிறகு இடம் மாற்ற வேண்டுமென்றால் கல்லோடு தூக்கலாம். எந்த இனமானாலும் பிடுங்கி எடுக்காதீர்கள். இழை சுரக்கும் உறுப்பு கிழிந்தால் சிப்பி செத்துப்போகும். இழைகளைக் கல்லை ஒட்டி பிளேடால் அறுக்க வேண்டும்.

ஸ்குவாமோசாவின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அது 40 சென்டிமீட்டர் வரை வளரும். சின்னத் தொட்டிக்கு ஒருநாள் இடம் போதாது. பெரும்பாலும் பழுப்பும் பொன்னிறமும்தான், கண்ணைப் பறிக்கும் நீலம் எளிதில் அமையாது. இரண்டடிக்கும் குறைந்த, ஆழமற்ற தொட்டி, பலமான விளக்கு ஏற்கெனவே இருக்கிறது என்றால் குரோசியாவே பொருத்தம். அங்கே நான் வாதாட மாட்டேன்.

டெராசா என்ற இன்னொரு ராட்சதச் சிப்பி இனத்தை நான் வளர்த்ததில்லை, நண்பர் தொட்டியில் பார்த்ததோடு சரி. வழவழப்பான ஓடு, நடுத்தர ஒளி போதும், வேகமாக வளர்கிறது. 60 சென்டிமீட்டர் வரை போகும் என்பதால் நான்கடித் தொட்டிக்காரர்கள் யோசிக்கட்டும். குட்டி டெராசாவுக்கும் ஜிகாஸ் என்ற மிகப் பெரிய இனத்தின் குட்டிக்கும் குழப்பம் வந்தால், தண்ணீர் உள்ளே போகும் துளையைப் பாருங்கள்: டெராசாவுக்கு அதன் விளிம்பில் சின்னச் சின்ன இழைக்கொம்புகள் இருக்கும், ஜிகாஸுக்கு இருக்காது. ஜிகாஸ் ஒரு மீட்டரைத் தாண்டுவது. வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

அந்த ஜிகாஸ் ஒரு காலத்தில் நம் கடலிலும் இருந்தது. இன்று இங்கே முற்றாக அழிந்துவிட்டது. ஸ்குவாமோசாவைச் செயிண்ட் ஜான்ஸ் தீவில் ஆய்வாளர்கள் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்து, மறுபடி நம் பவளத்திட்டுகளில் விட்டிருக்கிறார்கள். எனவே தென் தீவுகளில் வற்றுநீரில் நடக்கும்போது ஒன்றைப் பார்த்தால் தொடாமல் வந்துவிடுங்கள். ராட்சதச் சிப்பிகள் எல்லாமே 1985 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமில் மலிவாகக் கிடைக்கிறதென்று அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் சட்டப்படி குற்றம். இங்கே இதைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகம். பண்ணையில் வளர்த்ததா என்று கடையில் கேளுங்கள், ஆவணத்தையும் பாருங்கள். அப்புறம், வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் சில இரவுகள் விளக்கணைத்த பிறகு டார்ச் அடித்து ஓட்டின் விளிம்பைப் பாருங்கள்: அரிசி மணி அளவில் வெள்ளை நத்தைகள் ஒட்டியிருந்தால் உடனே பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடுங்கள், அவை சிப்பியின் சாற்றை உறிஞ்சுபவை. செதில்களுக்கு அடியிலும் தேடுங்கள்.