மடிக்கணினிக்கு எந்த மவுஸ்: ரிசீவருடன் வருவதா, புளூடூத்தா?

உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, உயர்தர வகுப்பு ஆசிரியர்களுக்கு வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் தட்டச்சுச் செய்து பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கணிதச் சூத்திரமொன்றில் ஒரு கீழ்க்குறியை மட்டும் தெரிவு செய்து திருத்த வேண்டிய வேளையில் மடிக்கணினியின் தொடுபலகையில் விரல் வழுக்கிப் பக்கத்து எழுத்தும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் ஆறு மாதங்களுக்கு முன்னர் மத்திய வீதியில் உள்ள கடையொன்றில் வயரில்லாத மவுஸ்கள் இரண்டை வாங்கினேன்: ஒன்று மடிக்கணினியில் செருகும் சிறிய யூ.எஸ்.பி ரிசீவருடன் வருவது, மற்றையது புளூடூத்தில் இயங்குவது. எது நல்லது என்று கேட்டதற்குக் கடைக்காரர், இரண்டும் ஒன்றுதான், விலைதான் வேறு என்றார். இரண்டையும் மாறி மாறிப் பாவித்த பின்னர் அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கடைகளில் “வயர்லெஸ்” என்று சொன்னால் பெரும்பாலும் ரிசீவர் உள்ளதையே எடுத்துத் தருவார்கள். முற்காலத்து வயரில்லாத மவுஸ்கள் 27 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கின; இன்று விற்பனையாகும் ரிசீவர் மவுஸ்கள் ஏறக்குறைய எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. புளூடூத்தும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில்தான் இயங்குகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. இரண்டும் வானொலி அலைகளே. அலையை எப்படிப் பங்கிடுவது, மடிக்கணினியில் அதை எது பெற்றுக்கொள்வது என்பவற்றில்தான் வேறுபாடு. ரிசீவர் மவுஸில் உற்பத்தியாளர் தமக்கென வகுத்துக்கொண்ட முறை இருக்கும். ஆகையால் அந்த மவுஸ் பெரும்பாலும் அதன் ரிசீவரோடு மட்டுமே பேசும். புளூடூத் பொதுத் தரமாகையால், மடிக்கணினிக்குள் ஏற்கெனவே உள்ள புளூடூத் பகுதியே போதும். டப்லெட்டுடனும் கைபேசியுடனும்கூட அதை இணைக்கலாம்.

ரிசீவர் மவுஸே வேகமானது என்ற பேச்சை அதிகம் பொருட்படுத்தத் தேவையில்லை. சாதாரண ரிசீவர் மவுஸ் செக்கனுக்கு 125 தடவை தன் அசைவை அறிவிக்கிறது. இன்றைய புளூடூத் மவுஸ்கள் பல பாவிக்கும் குறைந்த மின்சக்திப் புளூடூத்தில் (Bluetooth LE) இரு தொடர்புகளுக்கிடையே மிகக் குறைந்த இடைவெளி வழக்கமாக 7.5 மில்லிசெக்கன், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 133 தடவை. எழுத்து வேலையிலோ கணக்கு வேலையிலோ கைக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. செக்கனுக்கு 1000 தடவை அறிவிக்கும் ரிசீவர் மவுஸ்கள் கணினி விளையாட்டுக்கென்றே விற்கப்படுகின்றன. அவை எனக்குத் தேவைப்படவில்லை.

கைக்குத் தெரிந்த வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. ரிசீவர் மவுஸை வாங்கிய முதல் வாரத்திலேயே திரையில் அம்புக்குறி திக்கித் திக்கி நகர்ந்தது; நேர்கோடு இழுத்தால் படிக்கட்டுப்போல வந்தது. பற்றரியை மாற்றினேன், மேசை விரிப்பை மாற்றினேன், பொருளே பழுதென்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கவும் ஆயத்தமானேன். அப்போதுதான் பழைய வினாத்தாள்களைச் சேமிக்கும் வெளிவன்தட்டை மடிக்கணினியில் இணைத்திருக்கும்போது மட்டுமே இப்படி நிகழ்கிறது என்பதைக் கவனித்தேன். இத்தகைய வன்தட்டுகள் பாவிக்கும் யூ.எஸ்.பி 3.0 இணைப்பில் தரவு பாயும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையிலும் பரவுகிறது. இதை இன்டெல் நிறுவனமே 2012 ஆம் ஆண்டு வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கையில் விளக்கியிருக்கிறது. என் மடிக்கணினியின் இடப்பக்கத்தில் இரண்டு யூ.எஸ்.பி துளைகள் விரலளவு இடைவெளியில் உள்ளன. ஒன்றில் வன்தட்டு, மற்றையதில் ரிசீவர். ரிசீவரை வலப்பக்கத் துளைக்கு மாற்றியதும் திக்கல் நின்றுவிட்டது. வலப்பக்கத்தில் துளை இல்லாதவர்கள் குறுகிய யூ.எஸ்.பி நீட்டிப்பு வயர் ஒன்றை வாங்கி, ரிசீவரைச் சற்றுத் தள்ளி வைத்தாலே போதும். நல்ல பொருளைப் பழுதென்று எத்தனை பேர் திருப்பிக் கொடுத்திருப்பார்களோ என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அதே வன்தட்டு இடப்பக்கத்திலேயே இருக்கப் புளூடூத் மவுஸைப் பாவித்தபோது எனக்குத் திக்கல் தெரியவில்லை. குறைந்த மின்சக்திப் புளூடூத் அந்தப் பட்டையை 40 தடங்களாகப் பிரித்து, அவற்றுள் 37 இல் தரவை மாறி மாறி அனுப்புகிறது. வைஃபை போன்றவை நெரிசலாக்கிய தடங்களைத் தவிர்த்துவிடவும் அதற்குத் தெரியும். ஆயினும் புளூடூத்தின் குறை வேறு விதமானது. தேநீர் குடித்துவிட்டு வந்து மவுஸை அசைத்தால், உறக்கத்திலிருந்து எழுந்து மறுபடியும் இணைவதற்கு ஓரிரு செக்கன்கள் எடுக்கிறது. நாளொன்றுக்கு முப்பது தடவை அப்படிக் காத்திருப்பது எரிச்சலைத் தரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் நேர்ந்தது. விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்றின் பின்னர் புளூடூத் இயக்கியே (டிரைவர்) காணாமற்போய், மறுநாட் காலை ஆறு மணிக்குக் கொடுக்கவேண்டிய இரசாயனவியல் வினாத்தாளை இரவு முழுவதும் தொடுபலகையிலேயே முடித்தேன். விண்டோஸைப் புதிதாக நிறுவும்போதும் பெரும்பாலான மடிக்கணினிகளில் புளூடூத் மவுஸ் வேலை செய்யாது. ரிசீவர் மவுஸை வயர் மவுஸ் போலவே கணினி ஏற்றுக்கொள்ளும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பல நிறுவனங்களின் புளூடூத் அல்லாத ரிசீவர்களுக்குள் வெளியாள் ஒருவர் தொலைவிலிருந்து, நாமே தட்டச்சுச் செய்ததுபோல விசையழுத்தங்களைப் புகுத்த முடியும் என்பதை 2016 இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. மவுஸ் தயாரிக்கும் லொஜிடெக் நிறுவனம் 2021 இல் கொண்டுவந்த போல்ட் ரிசீவர், மறைகுறியாக்கத்துடன் கூடிய குறைந்த மின்சக்திப் புளூடூத்தையே அடிப்படையாகக் கொண்டது. வங்கி வேலைகளையும் அலுவலகக் கோப்புகளையும் கையாள்பவர்கள் பெயர் தெரியாத மலிவு ரிசீவரைத் தவிர்ப்பது நல்லது.

கடலோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு கவனம் தேவை. ரிசீவர் மவுஸின் பற்றரி அறையைத் திறந்து பார்த்தபோது சுருள்கம்பியில் பச்சை படிந்திருந்தது. உப்புக்காற்றுப் படும் வீட்டில் இது எந்த மவுஸுக்கும் நேரும். பஞ்சில் சிறிது வினாகிரி தொட்டுத் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டுப் பற்றரியைப் போட்டதும் மறுபடி வேலை செய்தது. நெடுநாள் பாவிக்காமல் வைப்பதானால் பற்றரியைக் கழற்றி வைப்பது அவசியம்.

என் மேசையில் இப்போது ரிசீவர் மவுஸ்தான் இருக்கிறது. ஒரே இடத்தில் இருந்து நாள் முழுவதும் வேலை செய்பவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன், விலையும் குறைவு. இரவு ரயிலில் கொழும்புக்குப் போகும்போது புளூடூத் மவுஸைப் பையில் போட்டுக்கொள்கிறேன், ஏனெனில் துளையில் நீட்டிக்கொண்டிருக்கும் ரிசீவர் பைக்குள் அழுந்தி உடையும் அச்சமில்லை. வளாகத்தில் படிக்கும் என் அக்காவின் மகளுடைய மெல்லிய மடிக்கணினியில் டைப்-சி துளைகள் இரண்டு மட்டுமே உள்ளன; சாதாரண ரிசீவர் அவற்றில் பொருந்தாது, அதனால் அடாப்டர் இல்லாமல் பாவிக்க அவளுக்குப் புளூடூத்தே வசதி. இரண்டு முறையிலும் இயங்கும் மவுஸ்களும் உள்ளன. பணம் இடங்கொடுத்தால் அதுவே சிறந்தது.

வாங்கப் போகும்போது மடிக்கணினியையும் கொண்டுபோய், கடையிலேயே இணைத்துப் பாருங்கள். ரிசீவர் பெட்டிக்குள் இல்லையென்று பதறாமல் பற்றரி மூடியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் பற்றரிக்குப் பக்கத்திலுள்ள சிறு குழியில்தான் அதைச் செருகி வைத்திருப்பார்கள்.