முதுகில் ஊசியா, முழு மயக்கமா? பருமனும் குறட்டையும் சேர்ந்து வரும்போது

130 கிலோ எடை, இரவெல்லாம் குறட்டை, நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுந்து உட்காரும் வழக்கம். இப்படி ஒருவர் மூட்டு மாற்று அறுவைக்கு வந்தால் ஸ்பைனலா (முதுகில் ஊசி போட்டு உடம்பின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போக வைப்பது), ஜெனரலா (முழு மயக்கம்) என்பதுதான் மயக்க மருத்துவர்களான எங்கள் முதல் பேச்சு.

முடிந்தவரை நான் ஸ்பைனல் பக்கம்தான். தொண்டையைத் தொட வேண்டாம், அவர் மூச்சை அவரே விட்டுக்கொள்வார். மயக்கவியல், தூக்க மருத்துவச் சங்கமான எஸ்.ஏ.எஸ்.எம். 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. ஆனால் போடுவது லேசான வேலை இல்லை. முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்படாது, வழக்கமான 9 செ.மீ. ஊசி எட்டாமலும் போகும். அதனால் நீள ஊசியை முதலிலேயே எடுத்து வைத்து, உட்கார வைத்து, அல்ட்ராசவுண்டில் நடுக்கோட்டைக் குறித்துக்கொண்டு போடுவது நல்லது.

ஜெனரலில் கண்டம் இரண்டு இடத்தில். மல்லாந்து படுத்ததும் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளிவிடும், நுரையீரலில் ஆக்சிஜன் இருப்பு குறையும், மூச்சு நின்றால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே ஆக்சிஜன் அளவு சரியத் தொடங்கும். அதனால் தோளுக்கும் தலைக்கும் அடியில் துணிகளை அடுக்கி, காதுத் துளை நெஞ்செலும்பின் மேல்விளிம்புக்கு நேராக வரும்வரை உயர்த்திவிட்டுத்தான் ஆக்சிஜன் கொடுக்கவே ஆரம்பிப்போம். அப்புறம், மூச்சுவிட வைக்கத் தொண்டை வழியே போட்ட குழாயை எடுக்கும் நேரம். தசைத் தளர்ச்சி துளி மிச்சமிருந்தாலும் தொண்டை மூடிக்கொள்ளும். தசையைத் தளர்த்த ரோகுரோனியம் கொடுத்திருந்தால், அதை முறிக்கும் மருந்துகளில் விலை கூடினாலும் நியோஸ்டிக்மினை விட சுகாமடெக்ஸையே கேட்பேன், அவர் நன்றாக விழித்து, சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் குழாயை எடுப்பேன்.

இந்த இரண்டையும் விட நான் பயப்படுவது மூன்றாவதைத்தான். "ஊசி முதுகுல போடுங்க டாக்டர், ஆனா எதுவும் தெரியாம தூங்க வச்சிடுங்க" என்பார்கள், நாமும் தூங்க வைக்கும் மருந்துகளான மிடசோலம் கொஞ்சம், புரோபோஃபால் கொஞ்சம் என்று கொடுப்போம். நாக்கு பின்னால் விழும், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், காற்று போகாது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருப்பதால் ஆக்சிமீட்டர் வெகுநேரம் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபில் கோடு தட்டையாவதுதான் முதல் தகவல். அதற்குள் தலை அறுவைக்காக மூடிய துணிகளுக்கு அடியில், கை எட்டாத இடத்தில் இருக்கும். விழித்திருக்கச் சம்மதித்தால் ஸ்பைனல், காதில் பாட்டு. முடியாது என்றால் முறையாகக் குழாய் போட்ட ஜெனரலே மேல்.

ஸ்பைனலில் மார்ஃபின் கலந்தால் மூச்சு மந்தமாவது 24 மணி நேரம் வரைகூட வரலாம், அன்றிரவு வார்டில் ஆக்சிமீட்டர் கழற்றக் கூடாது. வீட்டில் சீபேப் (தூக்கத்தில் மூச்சுப்பாதை மூடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி) வைத்திருப்பவர் என்றால், அட்மிஷன் அன்றே மாஸ்க்கோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.