ஒருவருக்கா, பலருக்கா, எல்லோருக்குமா? அரசின் மண்வளக் கண்டுபிடிப்புகளுக்கு உரிமம் தரும் வழிகள்

அரசு ஆய்வகத்தில் உருவான மண்வளப் பொருளை வயலுக்குக் கொண்டுசேர்க்க மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன: ஒரே நிறுவனத்துக்குத் தனியுரிமம் தருவது, தகுதியுள்ள பல நிறுவனங்களுக்கு உரிமம் தருவது, உரிமம் என்ற பேச்சே இல்லாமல் உழவர் கையில் நேராகக் கொடுத்துவிடுவது.

தனியுரிமத்துக்கு மிகத் தெளிவான விதிகள் அமெரிக்காவில் உள்ளன. அரசுப் பணத்தில் உருவான கண்டுபிடிப்புகளின் உரிமை பற்றிய 1980ஆம் ஆண்டின் பை-டோல் சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகளின்படி, அரசுக்குச் சொந்தமான காப்புரிமையை ஒருவருக்கு மட்டும் தருவதற்கு முன்பு அதனை முறையாக அறிவித்து, மறுப்புத் தெரிவிக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அந்தத் தனிச்சலுகை இல்லாவிட்டால் முதலீடு வராது என்பதற்கு நியாயமான காரணமும் இருக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு முன்னுரிமை உண்டு. பொருளைச் சந்தைக்குக் கொண்டுவராமல் கிடப்பில் போட்டால் உரிமத்தை ரத்து செய்யலாம். அந்நாட்டின் பியோரியா நகர அரசு ஆய்வகத்தில் 1970களில் மாவுச்சத்தோடு செயற்கைப் பலபடியை (பாலிமர்) இணைத்து உருவாக்கிய, தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு நீரை உறிஞ்சும் 'சூப்பர் ஸ்லர்ப்பர்' போன்ற பொருளுக்கு ஆலையும் பெரும் முதலும் வேண்டும் என்பதால், அங்கே இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

மண்வளத்துக்காகப் பயன்படும் நுண்ணுயிர்க் கலவைக்கு அதே வாதம் பொருந்துமா என்பதுதான் கேள்வி. இயற்கையில் உள்ள உயிரையோ பொருளையோ கண்டறிந்ததற்காக மட்டும் காப்புரிமை தருவதை இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவு விலக்குகிறது. ஆகவே இங்கே உரிமத்தில் பெரும்பாலும் கைமாறுவது தாய்க்கலவையும் (பெருக்குவதற்கு ஆய்வகம் தரும் மூல நுண்ணுயிர்க் கலவை) செய்முறை அறிவும்தான். எனவே தனியுரிமம் பெற்றவரைப் போட்டியிலிருந்து காக்கும் வேலி ஏற்கெனவே தாழ்வானது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், வைக்கோலை மக்கச் செய்யும் 'பூசா டீகம்போசர்' பூஞ்சைக் கலவையை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்காமல் பல நிறுவனங்களுக்கு உரிமமாகத் தந்தது, என் கணிப்பில், சரியான முடிவு. நான்கு கேப்ஸ்யூல், கொஞ்சம் வெல்லம், கடலைமாவு ஆகியவற்றைக் கொண்டு 25 லிட்டர் கரைசல் தயாராகிவிடும்போது, விலையை ஒருவர் மட்டும் நிர்ணயிக்க இடம் தருவானேன்?

மூன்றாவது வழி இதையும் தாண்டிப் போனது. காசியாபாத்தில் இருந்த தேசிய இயற்கை வேளாண் மையம் 2015இல் வெளியிட்ட, கழிவுகளை மக்கச் செய்யும் 'வேஸ்ட் டீகம்போசர்' நுண்ணுயிர்க் குப்பியின் விலை அப்போது 20 ரூபாய்தான். 200 லிட்டர் டிரம்மில் நீர் நிரப்பி, 2 கிலோ வெல்லம் கரைத்து, குப்பியில் இருப்பதைக் கலந்து, தினமும் குச்சியால் கிளறிவந்தால் ஒரு வாரத்துக்குள் கரைசல் தயார். அதில் ஒரு பங்கை எடுத்து வைத்து அடுத்த டிரம்மை உருவாக்கலாம், அண்டை வீட்டாருக்கும் ஒரு குடம் ஊற்றிக் கொடுக்கலாம். பரவல் என்ற அளவுகோலில் மற்ற இரண்டும் இதற்கு ஈடாகாது.

ஆனால் தரம் என்று வரும்போது இதன் பலமே பலவீனமாகிறது. திறந்த டிரம்மில் பத்தாவது முறை பெருக்கிய கரைசலில் முதல் குப்பியின் நுண்ணுயிர் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பயன் தராவிட்டால் பொறுப்பேற்கவும் யாரும் இல்லை. தனியுரிமத்திலோ தன் பெயர் கெடும் என்ற அச்சமாவது நிறுவனத்துக்கு இருக்கும். பலருக்குத் தரும் உரிமம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்றாலும், ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் இல்லாவிட்டால் அதுவும் வெறும் காகிதமே: ஆண்டுதோறும் ஆய்வகத்திலிருந்து புதிய தாய்க்கலவையை வாங்கியே உற்பத்தி செய்ய வேண்டும், ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலும் உயிருள்ள நுண்ணுயிர் எண்ணிக்கையைச் சோதித்து, காலாவதித் தேதியோடு உறையில் அச்சிட வேண்டும்.