மழையை யாரிடம் கேட்பது? மானி, ராடார், செயற்கைக்கோள், மண்

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ மழை. ஒரு சதுர மீட்டர் தரைக்கு 950 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. அந்த எண் நம் கையில் இருப்பதற்குக் காரணம், அந்த ஊரில் ஒரு மழைமானி இருந்ததுதான். காரைக்கால் ராடார் அங்கிருந்து 300 கி.மீட்டருக்கும் அப்பால் இருக்கிறது, அது உதவாது. திருவனந்தபுரம் தும்பா ராடார் பக்கம்தான், ஆனால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது.

மழை ஆராய்ச்சி படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்தத் தரவை நம்புவது?" என்றுதான். மழைமானியா, ராடாரா, செயற்கைக்கோளா? நாலாவதாக மண்ணையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஒன்று மற்றதற்கு மாற்று என்று விற்கப்படுவதுண்டு. அது சரியில்லை.

மழைமானி ஒன்றுதான் உண்மையாகவே தண்ணீரைப் பிடித்து அளக்கிறது. மற்றவை எல்லாம் வேறு எதையோ அளந்து, அதிலிருந்து மழையைக் கணிக்கின்றன. இந்த வித்தியாசம் மனசில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டத் தரவு 1901இல் தொடங்குகிறது. நாடு முழுவதும் 6,955 நிலையங்களின் பதிவுகளை வைத்து கால் டிகிரிக் கட்டங்களாக அதைக் கட்டியிருக்கிறார்கள். நூறு வருஷத்தில் மழை மாறியதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, மானியை விட்டால் வேறு சாட்சியே கிடையாது.

ஆனால் அது நிற்கும் இடத்தை மட்டும்தான் அளக்கும். பஸ் ஸ்டாண்டில் கொட்டித் தீர்க்கும்போது ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தரை காய்ந்து கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உலகில் தரவு கிடைக்கும் மழைமானிகளின் வாய்களை எல்லாம் சேர்த்து வைத்தாலும் ஒரு கால்பந்து மைதானத்தில் பாதிகூட வராது என்று 2017இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. புயல்காற்றில் துளிகள் சாய்ந்து விழும்போது மானி குறைவாகவே பிடிக்கும். தானியங்கி மானிக்குள் சின்ன வாளி நிறைந்து நிறைந்து கவிழும். அடைமழையில் அது கவிழும் நேரத்திலேயே கொஞ்சம் தண்ணீர் எண்ணாமல் போய்விடும். அப்புறம் இலை அடைப்பு, குருவிக் கூடு. கையால் அளக்கும் மானிக்கு வேறு சிக்கல்: 200 சதுர செ.மீ வாய் உள்ள மானியில் 95 செ.மீ மழை என்றால் 19 லிட்டர் சேரும். உள்ளே இருக்கும் புட்டி சின்னது என்றால், நடு ராத்திரியில் குடையைப் பிடித்துக்கொண்டு போய் அளந்து ஊற்றிவிட்டு வர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வராது. எனக்கு அது எப்போதும் வருத்தம்தான்.

ராடாருக்கு வருவோம். சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் இயங்கும் எஸ்-பேண்ட் டாப்ளர் ராடாரின் படத்தை மழைக்காலத்தில் பார்க்காத சென்னைவாசி இப்போது குறைவு. வங்கக் கடலில் மழைப்பட்டை திரள்வதும், அது கரையை நோக்கி நகர்வதும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை புதுப் படமாகக் கண்ணெதிரே வரும். இன்னும் ஒரு மணி நேரத்தில் மழை வருமா என்று கேட்டால் ராடாருக்கு நிகராக வேறு எதுவும் இல்லை. மானி பெய்து முடித்ததைத்தான் சொல்லும்.

எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால்தான் ராடார் தடுமாறும். அது அனுப்பும் நுண்ணலை துளிகளில் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்பும் அலையின் வலிமை துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ துளி ஒன்று, 1 மி.மீ துளிகள் 64 சேர்ந்தது போலத் தெரியும். ஆனால் அந்தப் பெரிய துளியில் இருக்கும் தண்ணீர் எட்டு சின்னத் துளிகளின் அளவுதான். ஆக, ஒரே பிரகாசம் காட்டும் இரண்டு மேகங்களில் ஒன்று இன்னொன்றைவிடப் பல மடங்கு மழை தரலாம். திரும்பும் அலையின் வலிமையிலிருந்து மழையைக் கணிக்க மார்ஷலும் பாமரும் 1948இல் கொடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது கனடாவில் பெய்த மழையை வைத்து எழுதியது. நம் கடலோர மழையில் சின்னத் துளிகள் ஏராளமாக இருக்கும் நாட்களில் அந்தச் சூத்திரம் குறைத்துச் சொல்லிவிடும். கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் இரண்டு வகை அலை அனுப்பும் புதிய ராடார்கள் துளியின் வடிவத்தையும் பார்ப்பதால் இந்தக் குறை பெருமளவு சரியாகிறது.

தூரம் இன்னொரு எதிரி. பூமி வளைந்திருக்கிறது, ராடாரின் அலைக் கற்றை ஏறக்குறைய நேராகப் போகிறது. அரை டிகிரி சாய்வில் புறப்பட்ட கற்றை 100 கி.மீ தள்ளி ஒன்றரை கி.மீ உயரத்திலும், 200 கி.மீ தள்ளி 4 கி.மீ உயரத்திலும் இருக்கும். 300 கி.மீ என்றால் கிட்டத்தட்ட 8 கி.மீ. அந்த உயரத்தில் அது பார்ப்பது பனித்துகள்களை. கீழே தரையில் என்ன விழுகிறது என்பதை அல்ல. காயல்பட்டினத்துக்குக் காரைக்கால் ராடார் உதவாது என்று சொன்னதன் பொருள் இதுதான்.

செயற்கைக்கோள் கடலுக்கு ராஜா. வங்கக் கடலின் நடுவில் மானியும் கிடையாது, ராடாரும் எட்டாது. இன்சாட் வகைக் கோள்கள் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கின்றன. பழைய எளிய முறையொன்றில் உச்சி மைனஸ் 38 டிகிரியைவிடக் குளிர்ந்திருந்தால் மணிக்கு 3 மி.மீ மழை என்று வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். உயரத்தில் மெல்லியதாகப் பரவிய வெறும் மேகமும் அதில் மழையாகிவிடும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டிக்கொண்டு பெய்யும் மழைக்கோ மேகம் உயரமாக வளரவே வேண்டியதில்லை. உச்சி குளிராத அந்த மேகங்களில் கொட்டும் மழையைக் கோள் தவறவிடுகிறது.

கோள்களில் வைத்த நுண்ணலைக் கருவிகள் இதைவிட நம்பகமானவை. 1997இல் ஏவிய டிஆர்எம்எம், 2011இல் இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய மேகா-டிராபிக்ஸ், 2014இல் ஏவிய ஜிபிஎம் எல்லாம் அந்த வழியில் வந்த கோள்கள். கடலின் மேல் அவை நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் கடல் நீர் நுண்ணலையில் மங்கலாகத் தெரியும், மழைத்துளிகள் பளிச்சென்று தெரியும். நிலம் தானே பளிச்சென்று இருக்கும். போதாக்குறைக்கு ஈரத்தைப் பொறுத்து அந்தப் பளிச்சும் மாறும். அதனால் நிலத்தின் மேல் துளியை விட்டுவிட்டு, மேகத்தின் மேலே இருக்கும் பனித்துகள்களைப் பார்த்துத்தான் மழையைக் கணிக்க வேண்டியிருக்கிறது. இவற்றையெல்லாம் இணைத்துத் தரும் ஐமெர்க் தரவு அரை மணிக்கு ஒன்று, சுமார் 10 கி.மீ கட்டத்தில் கிடைக்கிறது. முதல் பதிப்பு நாலு மணி நேரத்தில் வந்துவிடும். இறுதிப் பதிப்புக்கு மூன்றரை மாதம் ஆகும், ஏனென்றால் அது தரையில் உள்ள மழைமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்தப்படுகிறது.

இனி மண். எங்கள் பக்கத்துச் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், மழையை மில்லிமீட்டரில் சொல்ல மாட்டார்கள். "ஒரு உழவு மழை", "ரெண்டு உழவு மழை" என்பார்கள். மேலே இருந்து எவ்வளவு விழுந்தது என்பது அவர்கள் கேள்வி இல்லை. ஏர் பிடிக்க ஈரம் எவ்வளவு இறங்கியது என்பதுதான் கேள்வி. இத்தாலியில் லூக்கா புரோக்கா குழுவினர் 2013 வாக்கில் எடுத்துவைத்த யோசனையும் இதுதான்: செயற்கைக்கோள் அளக்கும் மண் ஈரம் இரண்டு பார்வைகளுக்கு இடையில் எவ்வளவு கூடியது என்று பார், வடிந்ததைக் கூட்டு, அதுவே மழை. மண்ணையே மானியாக்கிவிட்டார்கள். மானிகள் அரிதான ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இது நன்றாகவே கைகொடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே ஊறிப்போன மண் மேலும் ஈரமாகாது. சம்பா நட்டுத் தண்ணீர் நிற்கும் தஞ்சாவூர் வயலில் இந்த முறை செல்லாது. அடர்ந்த காட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணும் அதற்குச் சரியாகத் தெரியாது.

நிலமும் வளிமண்டலமும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்பவர்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் கூர்மையானது. ஈர மண் நீராவி கொடுத்து மழையைக் கூட்டும் என்பது பழைய எதிர்பார்ப்பு. 2012இல் கிறிஸ் டெய்லரும் கூட்டாளிகளும் பல கண்டங்களின் செயற்கைக்கோள் தரவைப் பார்த்து, பிற்பகல் மழை சுற்றுப்புறத்தைவிடக் காய்ந்த மண்ணின் மேல் பெய்யவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். காய்ந்த மண் வேகமாகச் சூடேறிக் காற்றை மேலே தள்ளுகிறது. கணினியில் ஓடும் காலநிலை மாதிரிகள் இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தன. இப்படிப்பட்ட ஆய்வுக்கு மானி போதாது, கண்டம் முழுக்கப் பரவிய தரவு வேண்டும். அதே சமயம் ஈர நிலம் நுண்ணலையை ஏமாற்றும் என்று மேலே சொன்னேனே, அதை மறந்துவிட்டு ஒரே ஒரு மழைத்தரவை வைத்து முடிவெழுதினால் மண்ணின் குணத்தையே மழையின் குணம் என்று படித்துவிடுவோம். இரண்டு மூன்று தரவுகளில் ஒரே விடை வருகிறதா என்று பார்க்காத கட்டுரையை நான் நம்புவதில்லை.

ஒரு மாவட்டத்துக்கு ஒன்றுக்கு மட்டும்தான் பணம் என்றால் நான் மழைமானிகளைத்தான் கேட்பேன், கூடவே அவற்றைச் சுத்தம் செய்யச் சம்பளத்தோடு ஆட்களையும். ராடாரின் சூத்திரத்தைத் திருத்தவும் ஐமெர்க்கின் இறுதிப் பதிப்பைச் சரிபார்க்கவும் கடைசியில் அந்த மானிகளிடம்தான் வர வேண்டியிருக்கிறது. இரண்டாவதாகப் பணம் வந்தால், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மலை மறைக்காமல் பக்கத்திலிருந்தே பார்க்கும் ஒரு ராடார்.