பெட்டி என்று சொன்னால் முயலுக்குக் கோபம் வரும்

அன்டாய்னெட் போர்ட்டிஸ் எழுதி வரைந்து 2006இல் வெளியான ‘நாட் எ பாக்ஸ்’ என்னும் படப்புத்தகத்தின் மேலட்டை, பார்சல் பெட்டியின் பழுப்பு நிறத்திலேயே இருக்கிறது. பெட்டிகளில் அச்சிடுவதுபோல் நிகர எடைகூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. வேடிக்கை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கதையில் இருப்பவை ஒரு முயல்குட்டி, ஓர் அட்டைப்பெட்டி, யாருடையது என்று கடைசிவரை காட்டப்படாத ஒரு குரல், இவ்வளவுதான். பெட்டிக்குள் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று குரல் கேட்கிறது. ‘இது பெட்டி இல்லை’ என்கிறது முயல். பக்கத்தைத் திருப்பினால், கறுப்புக் கோடுகளில் முன்பு பார்த்த அதே முயலும் அதே பெட்டியும் இருக்க, அவற்றின் மேல் சிவப்புக் கோடுகளால் ஒரு பந்தயக் கார் வரையப்பட்டிருக்கிறது. கறுப்பு கண்ணுக்குத் தெரிவது, சிவப்பு முயலின் மனத்தில் ஓடுவது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை; மூன்று வயதுக் குழந்தைக்கும் இரண்டாவது முறையே பிடிபட்டுவிடுகிறது. முயல் குழாயால் பெட்டியின் மீது தண்ணீரைப் பீய்ச்சும் பக்கத்தில் என் மகள் அடுத்த பக்கத்துக்குக் காத்திருக்கவே இல்லை. ‘தீப்பிடிச்சிருக்கு’ என்று கத்தினாள். திருப்பிப் பார்த்தால், எரியும் கட்டடம்!

இப்புத்தகத்தின் நகைச்சுவை முழுவதும் உரக்கப் படிப்பவரைச் சார்ந்தது என்பது என் கருத்து. ஒவ்வொரு கேள்வியையும் நாம்தான் கேட்கிறோம், ஒவ்வொரு முறையும் நாம்தான் தவறாகப் பார்த்தவர்களாகிறோம்; பெரியவர்களைத் திருத்தும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கும் குழந்தைக்கு இதைவிடப் பெரிய கொண்டாட்டம் ஏது? ஆகவே கேள்விகளைச் சற்றே அலுப்புடன், ‘இன்னுமா அந்தப் பெட்டியிலேயே நிற்கிறாய்?’ என்று இழுத்துப் படிப்பது நல்லது. கடைசியில்தான் குரல், அப்படியானால் அது என்னதான் என்று கேட்கிறது. முயல் உடனே பதில் சொல்லாமல் யோசிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அங்கே சற்று நிறுத்தி, குழந்தையையும் யோசிக்க விடுங்கள்.

அதன்பின் முயல் தன் பெட்டிக்கு வைக்கும் ‘நாட்-எ-பாக்ஸ்’ என்னும் பெயர் ஆங்கிலத்தில் எளிதாக விழுகிறது. தமிழில் சொல்லும்போது ‘பெட்டியில்லை’ என்பது பெயர்போல ஒலிக்காமல் தட்டையாகிவிடுகிறது. பல முறை முயன்று, ‘இது என் பெட்டியில்லாப் பெட்டி’ என்று சொல்லத் தொடங்கினேன். அது பொருந்தியது.

2007இல் தொடக்க நிலை வாசகர்களுக்கான அமெரிக்க விருதான கைசெல் விருதில், வென்ற நூலுக்கு அடுத்தவற்றுக்குத் தரப்படும் சிறப்புத் தகுதியை இது பெற்றது தகுந்ததே, ஏனெனில் சொற்கள் மிகக் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை தானே முழுப் புத்தகத்தையும் முடித்துவிட முடியும். கதையில் முடிச்சும் திருப்பமும் எதிர்பார்க்கும் ஏழு, எட்டு வயதினருக்கு இது சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். சிறியவர்களுக்கு மட்டும் வாங்குங்கள். பன்றிக்குட்டி ஒன்று குச்சியை வைத்து விளையாடும் இதன் துணைப் புத்தகம் 2007இல் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அடுத்தது அதுதான்.